நான்கு திருகுகளுக்கு அடியில்: பழைய ஜாஸ் பேஸ் ஒன்றை மதிப்பிடும் முறை

"1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸ், ஸ்டாக் நாப், முழுக்க அசல், ஒரே குடும்பத்தில் இருந்தது" என்று இணையத்தில் பழைய பேஸ் கிட்டார் ஒன்றுக்கு விளம்பரம் வருவதாக வைத்துக்கொள்வோம். கூடவே பத்துப் படங்கள் இருக்கின்றன: முன்பக்கம், பின்பக்கம், தலைப்பகுதி, வரிசை எண் பொறித்த தகடு, பழுப்பு நிறப் பெட்டி, ஜன்னலோர வெயிலில் அழகுக்காகச் சாய்த்து வைத்து எடுத்த படம் இரண்டு என்று வரிசை நீள்கிறது. கேட்கும் விலைக்கு ஒரு நல்ல கார் வாங்கிவிடலாம். மரம் பளபளக்கிறது, தேய்ந்த இடங்கள் நியாயமாகத் தேய்ந்திருக்கின்றன, விற்பவர் மரியாதையாகப் பதில் எழுதுகிறார். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் பத்துப் படங்களும் திருப்புளியைத் தொடாமல் எடுக்கப்பட்டவை.

பழைய எலக்ட்ரிக் பேஸை மதிப்பிடும்போது பலரும் அதை ஒரே பொருளாகப் பார்த்து "இது அசலா, போலியா" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் நேரான பதில் கிடைக்காது. நெக் (கழுத்துப் பகுதி) அசலாக இருக்கலாம். பாடி வேறொரு ஆண்டைச் சேர்ந்ததாக இருக்கலாம். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் ஒன்று மறுபடி கம்பி சுற்றப்பட்டிருக்கலாம். பெயிண்ட் 1974-இல் யாரோ வீட்டுக் கொல்லையில் அடித்ததாக இருக்கலாம். விலையைத் தீர்மானிப்பது இந்தப் பாகங்கள் ஒன்றையொன்று பிரியாமல் எவ்வளவு காலம் இருந்திருக்கின்றன என்பதுதான். அதை அறிய, அந்தக் கருவி எப்படிச் செய்யப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். 1951-இல் பிரசிஷன் பேஸை வெளியிட்டபோது, ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த வாசிப்பாளர்களுக்குத் தோளில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைக் கொடுத்தார். தந்தியின் நீளத்தை 34 அங்குலம் என்று அவர் வைத்த அளவே இன்றுவரை பேஸ் கிட்டார்களுக்குப் பொது அளவாக இருக்கிறது. நெக்கைப் பாடியோடு பசையால் ஒட்டுவது பழைய தச்சு மரபு. லியோவோ பழுது பார்ப்பவரின் கண்ணால் பார்த்தார். எந்தப் பாகம் கெட்டாலும் கழற்றி மாற்றத் தோதாக இருக்க வேண்டும் என்று, பின்புறம் ஒரு உலோகத் தகடு வைத்து நான்கு திருகுகளால் நெக்கை முடுக்கினார். பிக்கப்பும், குமிழ்களைத் தாங்கும் கட்டுப்பாட்டுத் தகடும், பாடியின் முகப்பை மூடும் பிக்கார்டும் அதே போலத் திருகில் நிற்பவைதான். தொழிற்சாலைக்கு அது பெரிய வசதி. அறுபது ஆண்டு கழித்து வாங்குபவருக்கு அதுவே தலைவலி. ஏனென்றால் கழற்ற எளிதான பொருள் எதுவும் மாற்றவும் எளிது.

ஜாஸ் பேஸ் 1960-இல் வந்தது. பிரசிஷன் பேஸின் நெக் தலைப்பகுதிக்குப் பக்கத்தில் 1¾ அங்குல அகலம்; ஜாஸ் பேஸில் அது 1½ அங்குலமாகச் சுருங்கியது. இரண்டு பிக்கப்புகள், இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்த பாடி, சன்பர்ஸ்ட் (நடுவில் வெளிர்ந்து ஓரத்தில் இருளும்) நிறத்தில் பட்டியல் விலை 279.50 டாலர். முதல் இரண்டு ஆண்டுகளில் வந்தவற்றில், ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்த இரட்டைக் குமிழ்கள் இரண்டு இருந்தன; ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒலியளவும் டோனும் தனித்தனி. 1962-இல் அதை மாற்றி, இரண்டு ஒலியளவுக் குமிழ், பொதுவான டோன் குமிழ் ஒன்று என்று மூன்று குமிழ் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். ஆர்வலர்கள் ஸ்டாக் நாப் என்று சொல்வது அந்த முதல் இரண்டு ஆண்டுக் கருவிகளை. குறைந்த காலமே செய்யப்பட்டதால் அவை அரிது. அரிது என்பதால் விலை. விலை என்பதால் மூன்று குமிழ்க் கருவியில் இரட்டைக் குமிழ்த் தகட்டைப் பொருத்தும் ஆசையும் கூடவே வந்துவிட்டது. விந்தை என்னவென்றால், ஒரு காலத்தில் நேர் எதிராக, இரட்டைக் குமிழ் வழவழவென்று சேர்ந்து சுற்றுகிறது என்று சலித்துக்கொண்ட வாசிப்பாளர்கள் பலர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மூன்று குமிழ்த் தகட்டைப் போட்டுக்கொண்டார்கள்.

விலையில் இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. 1965 ஜனவரியில் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ். 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. அதற்கு முந்தையது உயர்ந்தது, பிந்தையது தாழ்ந்தது என்பது சந்தையின் வேதவாக்கு. இதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. 1965 ஜனவரியில் வேலைப் பலகையில் கிடந்த நெக்குகள் டிசம்பரில் கிடந்தவையேதான். அதே ஆட்கள் அதே உளியால் செதுக்கினார்கள். தரம் மாறியது படிப்படியாக, சில ஆண்டுகளில். விலையோ அந்த ஒரு மாதத்தில் செங்குத்தாக இறங்குகிறது. எனவே 1964-இன் கடைசிக்கும் 1965-இன் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட கருவிகளில் ஆண்டைச் சற்று முன்தள்ளிச் சொல்லும் விளம்பரங்களை நிறையவே பார்க்கலாம்.

ஆண்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவிகளுக்கு ஒரே பிறந்தநாள் கிடையாது. நெக் ஒரு மாதம் செதுக்கப்பட்டிருக்கும். பாடி வேறொரு மாதம் பெயிண்ட் ஆகியிருக்கும். குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்கள் ஆறு மாதம் முன்பே மொத்தமாக வாங்கிப் பெட்டியில் கிடந்திருக்கும். தகடுகளோ வரிசை எண் அடித்து ஒரு டப்பாவில் போடப்பட்டவை. கைக்கு வந்ததை எடுத்து முடுக்கினார்கள். ஆகவே எண் வரிசைக்கும் செய்த வரிசைக்கும் நெருங்கிய உறவு இல்லை; ஒரே ஆயிர வரிசை எண்கள் ஓரிரு ஆண்டுகளுக்குப் பரவிக் கிடக்கும். 'எல்' என்ற எழுத்தோடு தொடங்கும் எண்கள் 1962-இன் இறுதி வாக்கில் வந்தன; 1965-இன் பிற்பகுதியிலிருந்து தகட்டில் பெரிய 'எஃப்' எழுத்து பொறிக்கப்பட்டது. ஆகவே 'எல்' தகடு பூட்டிய ஒரு பேஸை "1961" என்று யாராவது விற்றால் கேள்வி கேட்கலாம். மற்றபடி, விற்பவர்கள் முதலில் காட்டுகிற அந்தத் தகடுதான் சான்றுகளில் மிகப் பலவீனமானது. அதைக் கழற்றி வேறொன்றை மாட்ட இரண்டு நிமிடம் போதும். பழசாக்கிய நகல் தகடுகளும் கிடைக்கின்றன.

திருப்புளி இல்லாமலே தெரிகிற சான்றுகளில் மிகச் சிறந்தது விரல்பலகை. 1958-இல் ஃபெண்டர் மேப்பிள் நெக்கின் மேல் ரோஸ்வுட் பலகையை ஒட்டத் தொடங்கியது. முதலில் ஒட்டியது அடிப்பக்கம் தட்டையான, தடித்த பலகை. 1962-இன் நடுவில் அதை விட்டுவிட்டு, அடிப்பக்கமும் வளைந்த மெல்லிய பலகைக்கு மாறினார்கள். தலைப்பகுதியில் நட் (தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு) இருக்கும் இடத்துக்கு அப்பால், ரோஸ்வுட் முடிந்து மேப்பிள் தொடங்கும் விளிம்பை அருகில் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மரங்களும் சந்திக்கும் கோடு, தட்டைப் பலகையானால் ஒரு மாதிரியும் வளைந்த பலகையானால் வேறு மாதிரியும் விழும். நெக்கைக் கழற்றி அதன் அடிமுனையை நேராகப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை: ஒன்றில் கோடு அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக இருக்கும், மற்றதில் மேல்பக்க வளைவைப் பின்பற்றி வில் போல வளைந்திருக்கும். பலகையை மாற்றி ஒட்டுவது சின்ன வேலையல்ல. எனவே ஸ்டாக் நாப், 1961 என்று சொல்லும் கருவியில் வளைந்த பலகை தெரிந்தால் அந்த நெக்கோ அந்தக் குமிழ்த் தகடோ, ஏதோ ஒன்று பின்னால் வந்து சேர்ந்தது.

மற்ற வெளி அடையாளங்கள் ஒவ்வொன்றும் சிறு சாட்சிகள். விரல்பலகைப் புள்ளிகள் 1964-இன் இறுதி வரை மங்கலான மண் நிறத்தில் இருந்தன; பிறகு முத்துப் பளபளப்புக்கு மாறின. தலைப்பகுதிச் சின்னம் 1960-களின் நடுவில் மாறியது. அதன் அடியில் அச்சான காப்புரிமை எண்களும் காலப்போக்கில் கூடின. ஆமையோடு நிறத்துப் பிக்கார்டு அந்தக் காலத்தில் செல்லுலாய்டில் செய்யப்பட்டது. செல்லுலாய்டு ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கும். சுருங்கும்போது திருகுகளைத் தன்னோடு இழுத்து லேசாகச் சாய்த்துவிடும், திருகுக்குப் பக்கத்தில் விரிசல் விடும். அறுபது வயதுப் பிக்கார்டு வெட்டி எடுத்தது போல ஓட்டைகளோடு கச்சிதமாகப் பொருந்தினால் அதுவே ஐயத்துக்குக் காரணம். ஆரம்ப கால ஜாஸ் பேஸ்களில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக, நுனியில் ஃபெல்ட் ஒட்டிய ஒலித்தடுப்பான்கள் பிரிட்ஜுக்கு அருகே இருந்தன. அவற்றை வாசிப்பாளர்கள் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிட்டார்கள், ஆனால் அவற்றின் திருகுத் துளைகள் மரத்தில் இருக்கும். ஸ்டாக் நாப் என்று விற்கப்படும் பாடியில் அந்தத் துளைகள் இல்லை என்றால், மேலே உள்ள தகடு எவ்வளவு அசலாக இருந்தாலும் கீழே உள்ள மரம் கதைக்கு ஒத்துவரவில்லை. பிக்கப் மேல் மூடும் குரோம் மூடிகள் இல்லாமல் போயிருப்பது மட்டும் சாதாரணம். அவை சாம்பல் கிண்ணமாகப் போன கதை வாசிப்பாளர் வட்டத்தில் பழைய நகைச்சுவை.

இனி நெக்கைக் கழற்றச் சொல்லும் இடத்துக்கு வருவோம். இங்கேதான் விற்பவர்கள் பலர் தயங்குகிறார்கள். "அறுபது ஆண்டாகத் தொடாத பொருள், நான் ஏன் கலைக்க வேண்டும்" என்பது வழக்கமான பதில். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் இந்தக் கருவியின் வேலைப்பாடே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. நெக் வளையாமல் காக்கும் டிரஸ் ராடைத் திருகும் முனை, அந்தக் காலத்து ஃபெண்டர்களில் தலைப்பகுதியில் இல்லை. நெக்கின் அடிமுனையில், பாடிக்குள் புதைந்து இருக்கிறது. தந்தி உயரம் சரியில்லை என்று ஒருமுறை சரிசெய்ய வேண்டுமானாலும் நான்கு திருகையும் தளர்த்தியே ஆக வேண்டும். வாசிக்கப்பட்ட எந்தப் பேஸும் வாழ்நாளில் பலமுறை இப்படிக் கழன்று சேர்ந்ததுதான். ஆகவே கழற்றுவது அதற்குக் கேடு இல்லை, சாதாரணப் பராமரிப்பு. கழற்றத் தெரியாது என்பவர் பக்கத்தில் உள்ள பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் செய்யலாம், அந்தக் கூலியை வாங்குபவர் தரலாம். அதற்கும் மறுப்பவரிடம் வற்புறுத்துவதில் பயன் இல்லை. விலையை மட்டும் அதற்கேற்பப் பார்க்க வேண்டும்.

கழற்றியபின் நெக்கின் அடிமுனையில் தேதி இருக்கும். 1962-இன் தொடக்கம் வரை அது பென்சிலால் எழுதப்பட்டது. அதன் பிறகு ரப்பர் முத்திரை. முத்திரையில் "7 மார்ச் 63 ஏ" என்பது போல நான்கு துண்டுகள் இருக்கும். முதலில் வரும் 7-ஐ ஏழாம் தேதி என்று படிப்பவர்கள் ஏராளம். அது தேதியல்ல, ஜாஸ் பேஸ் நெக்குக்கான குறியீடு. பிரசிஷன் பேஸுக்கு 5, ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாருக்கு 2. கடைசியில் வரும் ஆங்கில எழுத்து நெக்கின் அகலத்தைக் குறிக்கும்: ஏ என்றால் 1½ அங்குலம், பி என்றால் 1⅝, சி என்றால் 1¾. ஜாஸ் பேஸுக்கு ஏ, பிரசிஷனுக்கு சி என்பதே வழக்கம். விளம்பரத்தில் "ஏழாம் தேதி செய்யப்பட்டது" என்று எழுதியிருந்தால் விற்பவர் ஏமாற்றுகிறார் என்று பொருளில்லை. அவருக்குக் கருவியைப் பற்றி அதிகம் தெரியாது என்று மட்டும் பொருள், அது சில வேளை வாங்குபவருக்கு நல்ல செய்தியும்கூட. முத்திரை தேய்ந்து அழிந்திருப்பதும் உண்டு. அழிந்த முத்திரையை விட, மிகக் கறுப்பாக, மை ஓரம் பரவாமல், நேற்றுக் குத்தியது போலத் தெரிகிற முத்திரையே எனக்கு அதிக ஐயம் தருகிறது.

அடிமுனையோடு சேர்த்து, நெக் உட்காரும் பள்ளத்தையும் படத்தில் கேட்க வேண்டும். நெக்கிலும் பள்ளத்திலும் நான்கு நான்கு துளைகள்தான் இருக்க வேண்டும். அடைத்த துளை கூடுதலாக இருந்தால் நெக்கோ பாடியோ வேறொரு துணையோடு குடும்பம் நடத்தியிருக்கிறது. நீண்ட நாள் சேர்ந்திருந்த நெக்கும் பள்ளமும் ஒன்றின் மேல் ஒன்று தடம் பதித்திருக்கும். ஒன்றில் உள்ள அழுத்தமும் பெயிண்ட் பிசிறும் மற்றதில் கண்ணாடிப் பிம்பம் போல எதிரே கிடக்கும். இதைப் போலி செய்வது முடியாததல்ல. ஆனால் செய்பவர்கள் பெரும்பாலும் இவ்வளவு தூரம் மெனக்கெடுவதில்லை.

பெயிண்ட்தான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி, பணம் அதிகம் தங்கியிருக்கும் பகுதியும் அதுவே. மறுபடி பெயிண்ட் அடித்த கருவி, மற்ற எல்லாம் அசலாக இருந்தாலும், ஏறக்குறைய பாதி விலைக்கு இறங்கும் என்பது வியாபாரிகளின் கைக்கணக்கு. 1970-களில் சன்பர்ஸ்ட் நிறம் பழைய பாணி என்று கருதப்பட்டதால், அதைச் சுரண்டி மரம் தெரிய விட்டவர்கள் ஏராளம். அப்போது அது பழைய கிட்டார்; இப்போது அது முதலீடு. அன்று சுரண்டியவர்களின் பிள்ளைகள் இன்று மறுபடி சன்பர்ஸ்ட் அடிக்கிறார்கள். எனவே பெயிண்டைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, அழகாக இருக்கிறதா என்பதல்ல, தொழிற்சாலையின் வேலை முறை அதற்குள் தெரிகிறதா என்பது.

அதைத் தெரிந்துகொள்ள ஆணித் துளைகள் உதவும். 1964 வாக்கில் நிறுத்தப்படும் வரை, பாடியின் முன்பக்கத்தில் சிறு ஆணிகளை அடித்து அவற்றையே கால்களாக வைத்துப் பாடியைச் சுழல்மேசையில் நிறுத்தி, பெயிண்ட் அடித்துக் காயவைத்தார்கள். காய்ந்தபின் ஆணியைப் பிடுங்கினார்கள். அந்தத் துளைகள் பிக்கார்டுக்கும் கட்டுப்பாட்டுத் தகட்டுக்கும் அடியில் மறைந்து போகும். இதில் நுணுக்கம் என்னவென்றால், ஆணி பெயிண்டுக்குப் பிறகே பிடுங்கப்பட்டதால் துளையின் உட்சுவரில் பெயிண்ட் இருக்கக் கூடாது. வெறும் மரம் தெரிய வேண்டும், ஓரத்தில் லாக்கர் (மேற்பூச்சு) லேசாகச் சிதறியிருக்கலாம். துளைக்குள் பெயிண்ட் வழிந்து இறங்கியிருந்தாலோ, துளையே காணோம் என்றாலோ, அந்தப் பாடி தொழிற்சாலையை விட்டபின் ஒருமுறையாவது பெயிண்ட் பார்த்திருக்கிறது. பிக்கார்டைக் கழற்றி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, அந்தத் துளையை நெருக்கமாக எடுத்த ஒரே ஒரு படம், ஜன்னலோர வெயிலில் எடுத்த பத்துப் படங்களுக்குச் சமம்.

பிக்கார்டுக்கு அடியில் இன்னொரு சான்றும் காத்திருக்கிறது. மேலே பூசிய தெளிந்த லாக்கர் வெளிச்சத்திலும் காற்றிலும் மஞ்சளாகும். அதனால் லேக் பிளாசிட் நீலம் பச்சையாகத் தெரியும், ஒலிம்பிக் வெள்ளை வெண்ணெய் நிறமாகும். வெளிச்சம் படாத பிக்கார்டு அடியிலோ பழைய நிறம் அப்படியே இருக்கும். மூடிய இடத்துக்கும் திறந்த இடத்துக்கும் நிற வேறுபாடே இல்லாத 1962 பாடி ஒன்று இருளில் கிடந்திருக்க வேண்டும், அல்லது இளமையானதாக இருக்க வேண்டும். புற ஊதா விளக்கில் பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பின்னால் தடவிய ஒட்டும் திருத்தமும் கறுப்புத் திட்டுகளாகத் தனித்து நிற்கும். தலைப்பகுதியில் உடைந்து ஒட்டியதைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான கருவி இல்லை.

சிறப்பு நிறங்களில் விவகாரம் இன்னும் சிக்கல். கார்களுக்கு அடிக்கும் டுபான்ட் பெயிண்டுகளையே ஃபெண்டர் பயன்படுத்தியது. ஐந்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் ஃபியஸ்டா சிவப்பிலோ சோனிக் நீலத்திலோ வாங்கலாம். அந்த ஐந்து சதவீதம் இன்று விலையைப் பெருமளவு ஏற்றிவிடுவதால், சாதாரண சன்பர்ஸ்டைச் சிவப்பாக்கும் ஆசை இயல்பு. சிவப்புத் தேய்ந்த இடத்தில் அடியில் சன்பர்ஸ்ட் தெரிந்தால் உடனே போலி என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது அவசரம். தொழிற்சாலையிலேயே சில வேளை, ஏற்கெனவே சன்பர்ஸ்ட் அடித்துக் கிடந்த பாடியின் மேல் கேட்ட நிறத்தை அடித்து அனுப்பியிருக்கிறார்கள். எனவே அடியில் சன்பர்ஸ்ட் இருப்பது ஒரு கேள்வியை எழுப்புகிறதே தவிர, அதற்கு விடை சொல்வதில்லை. ஆணித் துளைகளும் மற்றவையும்தான் சொல்ல வேண்டும். தேய்மானத்தை நம்பியும் பயனில்லை. 1995-இல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப்பே செயற்கையாகப் பழசாக்கிய 'ரெலிக்' கிட்டார்களை விற்கத் தொடங்கியது. அந்தக் கைத்திறன் இன்று உலகெங்கும் பரவிவிட்டது. 1982 முதல் வந்த மறுபதிப்புகளின் பாகங்களும் பழைய கருவிகளுக்குள் புகுந்திருக்கின்றன.

கட்டுப்பாட்டுத் தகட்டைத் திருப்பினால் மின்பகுதி தெரியும். பொட்டென்ஷியோமீட்டரின் உலோக முதுகில் எண்கள் குத்தப்பட்டிருக்கும்: முதல் மூன்று தயாரிப்பாளர், அடுத்தவை ஆண்டும் வாரமும். 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். 304 63 22 என்று இருந்தால் 1963-இன் 22-ஆம் வாரத்தில் ஸ்டாக்போல் செய்தது. இது கீழ்வரம்பை மட்டுமே சொல்லும். அந்த வாரத்துக்கு முன் கருவி முடிந்திருக்க முடியாது, எவ்வளவு பின்னால் வேண்டுமானாலும் முடிந்திருக்கலாம். 1966-இல் ஃபெண்டர் சி.டி.எஸ். பொட்டென்ஷியோமீட்டர்களை அளவுக்கு மீறி வாங்கிக் குவித்ததால், 1960-களின் கடைசி வரை வந்த கருவிகளில் 66 என்ற ஆண்டே திரும்பத் திரும்பத் தெரியும். அதை வைத்து 1969 கருவியை 1966 என்று விற்பது பழைய தந்திரம்.

எண்ணை விட முக்கியம் ஈயப் பற்று. 1962-இல் வைத்த சாலிடர் மங்கிச் சாம்பல் நிறமாகியிருக்கும், பக்கத்தில் பழைய ஃபிளக்ஸ் பழுப்பாகக் காய்ந்திருக்கும். கம்பிகள் துணி உறை போட்டவையாக இருக்கும். ஒரு இணைப்பு மட்டும் வெள்ளியாய்ப் பளபளத்தால் யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். அது குற்றமில்லை. ஜாக் தளர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். பிக்கப் கம்பி இணைக்கும் இடத்தில் பளபளப்புத் தெரிந்தால் மட்டும் பிக்கப்பையே கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எல்லா மாற்றமும் விலையைக் குறைக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. அது யார் கை பட்டது என்பதைப் பொறுத்தது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ், 1972-இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு வேனிலிருந்து திருடுபோய், அரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்தது. திரும்பக் கிடைத்த செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. 1964-இல் அதற்கு மறுபடி பெயிண்ட் அடித்து, இரண்டு பிக்கப்பையும் ஒரே மரச் சட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். வேறொரு ஹாஃப்னரில் விலையைக் குறைக்கும் அந்தத் திருத்தங்கள், இதில் ஆள் அடையாளம் காட்டும் மச்சங்கள் ஆகிவிட்டன. பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸின் ஃபிரெட்டுகளை (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளை) பிடுங்கி, விரல்பலகையில் படகுக்கு அடிக்கும் எபாக்ஸியைப் பூசினார். 1986-இல் நியூயார்க்கில் திருடுபோன அதுவும் பல ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தது. இன்னொரு புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 பிரசிஷன் பேஸோ, 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடுபோனது, இன்னும் கிடைக்கவில்லை. "புகழ்பெற்ற ஒருவர் வாசித்தது" என்று எழுதும் விற்பனையாளரிடம் இதனால்தான் படமும் ரசீதும் கேட்கிறோம். பெயர் தெரியாத ஒருவரின் எபாக்ஸி வெறும் எபாக்ஸி.

இவற்றையெல்லாம் விலையாக்கும்போது, பட்டியலில் உள்ள உச்ச விலையிலிருந்து கழித்துக்கொண்டு வருவதுதான் நடைமுறை. ஃபிரெட் மாற்றியது, நட் மாற்றியது, மூடிகள் இல்லாதது ஆகியவை சிறு கழிவுகள். வாசித்த கருவிக்கு அவை இயல்பு. டியூனர் மாற்றியதில் புதுத் துளை போட்டிருந்தால் கழிவு கூடும். பிக்கப் மறுபடி சுற்றியது அதற்கும் மேல். பெயிண்ட் பாதியை விழுங்கும். நெக்கும் பாடியும் வெவ்வேறு என்றால், அதை ஒரு கருவியாகவே விலை பேசக் கூடாது. இரண்டு பாகங்களாகப் பேச வேண்டும். நேர்மையான வியாபாரிகள் இந்தக் கழிவுகளைத் தாங்களே விளம்பரத்தில் எழுதிவிடுகிறார்கள். "முழுக்க அசல்" என்ற இரண்டு சொற்களைவிட, "ஜாக் மாற்றப்பட்டது, ஜி தந்தி டியூனரின் ஒரு திருகு புதியது" என்ற வரி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

வேறு நாட்டிலிருந்து வாங்குவதானால் விரல்பலகை இன்னொரு கணக்கையும் கொண்டுவரும். 1960-களின் முற்பகுதிக் கருவிகளில் இருப்பது பொதுவாகப் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கும் மரம். 2017-இல் ரோஸ்வுட் இனம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது இசைக் கருவிகளுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது; 2019-இன் இறுதியில் செய்து முடித்த கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அந்த விலக்கு பிரேசில் மரத்துக்கு இல்லை. பின்னாளில் ஃபெண்டர் மாறிக்கொண்ட இந்திய ரோஸ்வுட், மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் அதே மரம். அது பொருத்திய கருவிக்கு இந்தத் தொல்லை குறைவு. 1962 பேஸை அனுப்புபவர், ஏற்றுமதி அனுமதியை யார் வாங்குவது என்று பணம் கைமாறுமுன் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் அனுப்பினால் சுங்கத்தில் நிற்பது கருவி, பணம் நிற்காது.

அந்த விளம்பரத்துக்கு எழுதும் முதல் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நெக் அடிமுனை, நெக் பள்ளம், பிக்கார்டை எடுத்தபின் பாடியின் முன்பக்கம், கட்டுப்பாட்டுத் தகட்டின் உட்புறம் என்று நான்கு படங்களைக் கேட்டு, கழற்றும் கூலியைத் தருவதாகவும், கருவி கையில் வந்தபின் இரண்டு நாள் பார்த்துத் திருப்பும் உரிமை வேண்டும் என்றும் எழுதினால் போதும். பெட்டி வந்து சேரும் நாளில் அதை உடனே திறக்க வேண்டாம். குளிர் நாட்டிலிருந்து விமானத்தில் வந்த லாக்கர் சூடான அறையில் சட்டென்று திறந்தால் முடிபோல வெடிக்கும். ஒரு நாள் முழுக்க மூடியே அறையில் வைத்திருக்க வேண்டும். மறுநாள் திறந்து, தந்திகளைத் தளர்த்தி, மேசையில் துணி விரித்துக் குப்புறப் படுக்க வைத்து, வாசித்துப் பார்க்கும் ஆசையைச் சற்றே அடக்கிக்கொண்டு, அந்த நான்கு திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும்.